ரேடியோ சாருக்குக் கேட்கும்

போன திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு பையனின் தகப்பனார் வாசலில் வந்து நின்றார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர். கையில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"டீச்சர், இது ரெண்டு நாளைக்கு வகுப்புலயே இருக்கட்டும். பிள்ளைக கேக்கட்டும்" என்றார்.

நல்ல மனுஷர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அங்கிட்டெல்லாம் ரேடியோவுலயே பாடம் நடத்திப்புடுறாக. போகப்போக வாத்தியாருகளுக்கு வேலையே இருக்காது போல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். மேகம் கறுத்தால் கவலை, கறுத்த மேகம் பெய்யாமல் போனால் அதற்கும் கவலை. போதாததற்கு, நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். இரண்டு வருஷம் டிரெயினிங் முடித்து டீச்சராக வந்தேன். 'இனிமேல் டீச்சர் எதற்கு' என்று யார் பொதுவாகச் சொன்னாலும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரியே இருக்கும்.

டிரான்சிஸ்டரை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பெரியப்பா ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் எனக்கு முதல் வேலை. ஓராசிரியர் பள்ளிக்கூடம். ஒரே நீளக் கூடம். அதில் ஐந்து வகுப்பு. கூடத்தின் கோடியில் ஒரு மூங்கில் தட்டி கட்டி மறைத்திருக்கும். அதற்குப் பின்னால்தான் மத்தியானம் நான் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தபோது, வைக்க வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடத்து ஓடு மட்டும்தான் ஒழுகாத ஓடு. கம்பிவலைக் கதவு போட்ட அலமாரிக்குள் பெட்டியை வைத்தார்கள். அதற்கடியில் செங்கல் செங்கலாகப் பாட்டரி. வேப்பமரத்திலிருந்து கூரைக்கு ஒரு ஏரியல் கம்பி. சாவி என் கையில்.

"பெட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா கவர்மெண்டுக்கு நாந்தான் பதில் சொல்லணும், டீச்சர். எனக்கு நீங்க பதில் சொல்லணும்" என்றார் பஞ்சாயத்து பிரசிடெண்டு.

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் தூக்கம் போச்சு. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போனவள் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பேன். தூரத்தில் மின்னினால் ஓடிப்போய் ஏரியலைப் பிடுங்கிவிடுவேன்.

ஆனாலும் அந்தப் பெட்டி பாடிய நாட்களை இப்போது நினைத்தால்... சாயங்காலம் விவசாயிகளுக்கு ஒரு மணி நேரம். வயல் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு ஆண்கள் வருவார்கள். காலையில் ஒன்றாம் வகுப்பு உட்கார்ந்த மணைப் பலகையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர்கள் உட்காருவார்கள். பெட்டி ஒரு தரம் செருமும், இரண்டு தரம் இரையும், அப்புறம்தான் பேசும். அது செருமும்போது ஒருத்தரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அந்த அமைதியை என் வகுப்பில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம், பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அரை மணி நேரம் ஒலிபரப்பு உண்டு. வந்தது வம்பு. பெட்டி பேசினால் பிள்ளைகளும் பேசினார்கள். ஒருவன் சிரிக்க, ஒன்பது பேர் சேர்ந்து சிரிக்க, பாடம் யார் காதிலும் விழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா?

பொய் சொன்னேன்.

"சத்தம் போடாதீங்க. நீங்க பேசுறது உள்ளே இருக்கிற சாருக்குக் கேட்கும்" என்றேன்.

கூடம் கப்பென்று அடங்கியது.

அடுத்த ஒலிபரப்புக்குத் தலை வாரி, பொட்டும் திருநீறும் ஜெபமாலையுமாக வந்து உட்கார்ந்தார்கள். பெட்டி செருமியதும் மொத்தப் பேரும் எழுந்து நின்று, "வணக்கம், சார்."

"சார் நம்மளப் பாப்பாகளா, டீச்சர்?" என்று ஒரு பொடியன் கேட்டான். கால்சட்டையில் பட்டன் கிடையாது. அவன் கவலை அவனுக்கு.

"பார்க்க மாட்டார். கேட்க மட்டும்தான் செய்வார்" என்றேன். பொய்யிலும் ஒரு அளவு வேண்டாமா?

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் அந்த ரேடியோ சார் பூமி சுற்றுவதைப் பற்றிப் பேசினார். கடைசியில், "என்ன குழந்தைகளே, புரிந்ததா?" என்று கேட்டார்.

பிள்ளைகள் யோக்கியமாக ஒரே குரலில், "புரியல, சார்" என்றார்கள்.

"நல்லது. அடுத்ததைப் பார்ப்போம்" என்றது பெட்டி.

கூடத்தில் பெரிய குழப்பம். "புரியலன்னு சொன்னோம்ல டீச்சர், சார் நல்லதுன்னுட்டாரே" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப தூரம், லேசாகத்தான் கேட்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. புரியவில்லை என்று சொன்னால் நான் திரும்பச் சொல்லிக் கொடுப்பேனே... பெட்டி செய்யுமா?

அந்த வருஷம் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மத்தியானம், தட்டிக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அலமாரிப் பக்கம் பேச்சுச் சத்தம். பூட்டில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பதறிப்போனேன். தட்டி இடுக்கில் பார்த்தேன்.

ஐந்தாம் வகுப்பு ஆரோக்கியம். கையைக் கட்டிக்கொண்டு, கம்பிவலைக்கு நேரே நிற்கிறாள். பெட்டி பாடவில்லை, பூட்டியிருக்கிறது.

"சார், நான் ஆரோக்கியம் பேசுறேன். அஞ்சாப்பு. எங்கய்யா சாயங்காலம் நீங்க பேசுறதக் கேக்க வருவாக. சவரிமுத்துன்னு பேரு. முன்னாடி ஒக்காந்திருப்பாக. நீங்க சொன்னா எங்கய்யா கேப்பாக, சார். வெத நெல்ல உப்புத்தண்ணியில போட்டு, மெதக்குறத எடுத்துடணும்னு சொன்னீங்கள்ல? மறுநாளே செஞ்சாக. எங்க ஆத்தா ஏழு வருசமா ஒரு அடுப்பு போடச் சொல்லுது, அதச் செய்யல."

கொஞ்சம் நிறுத்தினாள். குரல் தணிந்தது.

"பரீச்ச முடிஞ்சதும் என்னய திருச்சியில சின்னாத்தா வீட்டுக்குக் கைப்புள்ள பாக்க அனுப்பப் போறாக. எனக்கு ஆறாப்பு போகணும், சார். நெல்லுக்கு நடுவுல ஒரு வார்த்த இதையும் சொல்லிருங்க."

சொல்லிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிட்டாள். என் கையில் பிசைந்த சோறு காய்ந்துபோயிருந்தது.

நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, ஒரு பெண் தன் வாழ்க்கையையே கொண்டுபோய்ப் பூட்டின அலமாரியிடம் ஒப்படைத்துவிட்டாளே. இனி தினமும் சாயங்காலம் தன் தகப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, ரேடியோ சார் சொல்லிவிட்டாரா என்று...

ரேடியோக்காரர்களுக்கே ஒரு கார்டு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினேன். கிழித்தேன். கேட்கிறவர்கள், 'இந்த டீச்சர் எதுவரை படித்தவர்' என்று திருப்பிக் கேட்டால்? நாலு நாள் இப்படியே போச்சு.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கூட்டம் கலைந்தபின், பலகைகளை அடுக்கிக் கொடுக்கச் சவரிமுத்து நின்றார். எப்போதும் நிற்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படித்தவரில்லை. ஆனால் ரேடியோவுக்கு முதல் வரிசை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எதை வைத்து? இன்னொரு பொய்யை வைத்து.

"ரேடியோவுல சொன்னாங்களே, கேட்டீங்களா அண்ணே? பொம்பளப் பிள்ளைகளை மேலே படிக்க வைக்கணுமாம்."

"எப்பச் சொன்னாக, டீச்சர்?"

"முந்தாநாள்."

"முந்தாநாளு கடலைக்குக் களையெடுக்குறது சொன்னாக. பெறகு மாட்டுக்குக் கோமாரி வந்தா என்ன செய்யிறதுன்னாக. பெறகு பாட்டு. பாதிப் பாட்டுல நீங்க மூடிட்டீங்க."

"அதுக்கு முந்தின நாளா இருக்கும்."

"அன்னைக்கி மின்னுதுன்னு நீங்க கம்பியப் புடுங்கிட்டீங்க. பெட்டி பாடவே இல்ல."

என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இந்த ஞாபகசக்தி இருந்திருந்தால் நான் கவலையே பட்டிருக்கமாட்டேன். சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ரேடியோ சொல்லல. அப்ப யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன், அண்ணே."

"அப்ப அதையே சொல்லுங்க. எதுக்கு அதுக்குள்ள போயி ஒளியிறீங்க?"

சொன்னேன். என்னை எட்டாவதோடு நிறுத்தியதைச் சொன்னேன். ஒன்பதாவதுக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. போகிறேன் என்று நானும் கேட்கவில்லை, பயம். இன்றைக்கும் பெரிய வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் உடனே மூடி வைத்துவிடுகிறேன் என்றேன். உங்கள் மகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்றேன். அவள் பெட்டியிடம் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

"எட்டாவது வரைக்குமாச்சும் படிக்க வையுங்க, அண்ணே."

"எட்டாப்பா?"

"ஆமா."

துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, டீச்சர். படிக்கட்டும். திருச்சிக்கு நாஞ் சொல்லி அனுப்பிக்கிறேன்."

அவ்வளவுதான். நாலு நாள் நான் செத்துப் பிழைத்த விஷயம், பலகை அடுக்குகிற நேரத்தில் முடிந்துவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நீங்க வாயத் தொறந்த வேகத்துக்கு, பத்து பதினொண்ணுன்னு கேப்பீங்கன்னுல்ல நெனச்சேன். எட்டுத்தானா?"

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். பூட்டை ஒரே தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் முதல் வேலையாகப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். ரேடியோ பேசும், நாம் பேசுவது அதற்குக் கேட்காது. சிலருக்கு ஏமாற்றம். பட்டன் இல்லாதவனுக்கு நிம்மதி. ஆரோக்கியம் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கூப்பிட்டேன்.

"ஒனக்கு வருத்தமா, ஆரோக்கியம்?"

"கேக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும், டீச்சர். புரியலன்னு சொன்னதுக்கு நல்லதுன்னாகளே, அன்னைக்கே."

"அப்புறம் எதுக்கு அதுகிட்டப் போய் அவ்வளவு பேசுனே?"

"நீங்க தட்டிக்குப் பின்னாடி சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்கள்ல."

"எங்கிட்டயே நேரா வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஒங்ககிட்ட நேரா சொன்னா பயந்துருவீங்க, டீச்சர்."

அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பெட்டி கெடுத்துவிடும், பெட்டி என் இடத்தைப் பிடித்துவிடும் என்று நான் பட்ட கவலை எவ்வளவு. அந்தப் பத்து வயதுப் பெண் ஒரே வாரத்தில் இரண்டையும் அளந்து வைத்திருந்தாள் – பெட்டிக்கு எவ்வளவு முடியும், டீச்சருக்கு எவ்வளவு முடியும் என்று. புது யந்திரம் வந்தால் பிள்ளைகள் மிரளுவதில்லை. அதன் குறையைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் அதையும் தங்களுக்கு ஒரு வழியாக்கிக்கொள்கிறார்கள். நாம்தான் ஏரியலைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறோம்.

ஆரோக்கியம் ஆறாவது போனாள். ஏழு போனாள். எட்டு முடித்தாள். அதற்குள் எனக்கு அறந்தாங்கிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சந்தையில் பார்த்தபோது விசாரித்தேன்.

"அது எட்டாப்போட நின்னுருச்சே, டீச்சர். இப்ப சின்னாத்தா வீட்டுலதான் இருக்கு. சவரிமுத்து டீச்சருக்குக் குடுத்த வாக்க நிறைவேத்திட்டேன்னு ஊரெல்லாம் சொன்னாரே."

சொன்ன சொல் தவறாத மனுஷர். ஒரு வகுப்புக் குறைக்கவில்லை. ஒரு வகுப்புக் கூட்டவும் இல்லை.

வாசலில் திரும்பி நின்று அவர் கேட்டது எனக்கு அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டது. எட்டுத்தானா? நான் நின்ற இடத்தையே படிப்பின் எல்லை என்று நினைத்து, அந்தப் பெண்ணுக்கும் அங்கேயே கோடு கிழித்திருக்கிறேன். மாற்றலாகிப் போன பிறகாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. எழுத்தில் தப்பு வந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

இப்போதும் பெற்றோர் வருகிறார்கள். பெண்ணை எதுவரை படிக்கவைக்கலாம், டீச்சர் என்று கேட்கிறார்கள். படிக்கட்டும் என்கிறேன், எதுவரை என்று மட்டும் நான் சொல்வதில்லை.