பாதியில் நிற்கிற பாட்டு

கருப்பட்டி...

நாலு பேர் முன்னால் உன்னை மாமா என்றுதான் கூப்பிடுவேன். யாரும் இல்லாத நேரத்தில்தான் கருப்பட்டி. இன்றைக்கு நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பில், எல்லார் முன்னாலும் கூப்பிடுகிறேன். எனக்கு இருக்கிற கோபத்தில் வெட்கம் எங்கே வரப்போகிறது?

உன் கூழ்த் தூக்குச்சட்டியின் புளித்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கேப்பைக் கூழ் குடித்து முடித்ததும், ஒரு வாய் தண்ணீர் விட்டு அலசி, துண்டால் துடைத்து, செல்லை உள்ளே போட்டுக் கரும்புக்கட்டு மேல் வைப்பாய். பாட்டு கணீரென்று கிளம்பும்... கரும்புக் கொல்லையில் எந்த மூலையில் வெட்டிக்கொண்டிருந்தாலும் கேட்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் கரும்பு வெட்டுகிறவர்கள். ஓமந்தூர் பக்கம். நான் நாலாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் இருக்கட்டும். இன்றைக்கு யாரும் எதையும் எனக்குச் சரிபண்ணித் தர வேண்டாம்.

அப்போதெல்லாம் செல்லில் பாட்டு வேண்டுமென்றால் திண்டிவனம் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடை. பாட்டு ஏற்றித் தரப்படும் என்று அட்டை தொங்கும். நகத்தளவு மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தால், கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் சொருகுவார். நீ பாட்டைச் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போகும்... அது அந்தக் கோடியைத் தொட்டால் பாட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் கடைசிப் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே நம் பஸ் உறுமியது. கண்டக்டர் விசில் கேட்டதும் நீயே கையை விட்டுக் கார்டைப் பிடுங்கிவிட்டாய்.

"யோவ்! பாதிதான்யா ஏறிக்கீது. கோடு ஓடிக்கினு இருக்கும்போதே புடுங்கறியே!"

"பாதி போதும்ணே. மீதிய நான் பாடிக்கிறேன்."

சொன்னபடியே செய்தாய்.

ஓடாத படத்துப் பாட்டு அது. ரேடியோவில் கேட்டதில்லை, கல்யாண மைக்செட்டில் கேட்டதில்லை. தூக்குக்குள் ஒரு பொம்பளை உருகி உருகிப் பாடுவாள். திடீரென்று வாயைப் பொத்தியது மாதிரி நின்றுபோவாள். உடனே கரும்புக்குள் இருந்து உன் தொண்டை எழும்பும்.

"முன்னால நான் போறேன்... மேட்டு மேல நிக்கிறேன்... மெதுவா வாடி அஞ்சல..."

கூட வெட்டுகிற முனியம்மா அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கும்.

"இந்தாளுக்கு அந்த செல்லே பரவால்லடி அஞ்சல! அது பாதியிலயாவது நிறுத்துது."

"வயித்தெரிச்சல்க்கா உனக்கு," என்பாய். இன்னும் சத்தமாகப் பாடுவாய்.

போன மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அதற்கப்புறம் தினமும் அந்தப் பாட்டைத்தான் போட்டேன். பாட்டுக்காக இல்லை. அது நிற்கிற இடத்துக்காக. அவள் நின்றதும் வீடு ஒரு நொடி கம்மென்று ஆகும்... அந்த நொடியில் நீ வருவாய்.

அந்தப் பழைய செல்லும் ஒருநாள் பேச்சு மூச்சில்லாமல் போனது. கோலியனூரில் கட்டிக்கொடுத்த நம் பெண் புது செல் வாங்கி வந்தாள். விழுப்புரத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கார்டில் இருக்கிறதை அப்படியே மாற்றிக் கொடுங்கள் என்றுதான் சொன்னேன். அப்படியே என்று சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்தால் கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"ம்மா, ஒரு பாட்டு பாதியில கட் ஆவுது, கெட்டுப் போயிருக்கு. அத்த தூக்கிட்டு ஃபுல் பாட்டு போட்டுக்கீறேன். பழைய கார்டையும் க்ளீன் பண்ணிட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரைக் கேட்டுய்யா தூக்குன? கெட்டுப்போச்சின்னு நான் வந்து அழுதனா உன்னாண்ட?"

"நல்லதுதானம்மா பண்ணேன்... இப்ப முழுசாப் பாடும்."

"முழுசா எவ கேட்டா?"

நம் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, மானத்த வாங்காத. அந்த எடம் வந்தா நீயே நிறுத்திக்கோயேன். பட்டனை அமுக்குனா நின்னுடப் போவுது."

"நான் நிறுத்துனா உங்கப்பா எப்படிடி வருவாரு?"

அவள் என் கையை விட்டுவிட்டாள். கடைக்காரரும் என்னென்னவோ தட்டித் தேடிப் பார்த்தார். போனது போனதுதானாம்.

இப்போது மெமரி கார்டே தேவையில்லையாம். வாயால் சொன்னால் செல்லே தேடிப் பாடுமாம். பாடட்டும். இந்தப் புது செல் நம் தூக்குக்குள் போகக்கூட மாட்டேன் என்கிறது, அவ்வளவு அகலம். எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்கிறார்கள். என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்கிறார்களா?

நேற்று அந்த முழுப் பாட்டைப் போட்டேன். நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கவில்லை. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். நிலா என்றாள், ரோஜா என்றாள், முத்தம் என்றாள்... கடைசி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் போகிறேன் என்று அதில் யாருமே சொல்லவில்லை. மேடும் இல்லை. மெட்டுகூட வேறு.

என் பெயரை மட்டும்தான் நீ நுழைத்தாய், மற்றதெல்லாம் பாட்டில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே! எவனோ சினிமாக்காரன் எழுதியது என்று, காதில் சரியாகக்கூட வாங்காமல் கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டு இருந்தேனே! நானே கட்டினதுடி என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அந்தக் கடைக்காரர் மேல் இருக்கிற கோபத்தைவிட உன் மேல்தான் இப்போது அதிகம்.

முன்னால் போய்விட்டாய், சரி. மெதுவாகத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

எந்த மேட்டு மேல நிக்கிற, கருப்பட்டி?