இரண்டு இன்ஜினுக்கும் மூன்றாம் எண்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவர் 'ஸ்பேனர்'. வீட்டுக்கு வந்தால் அவருக்கு உலகமே மாடி அறைதான். நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன் மேல் பொம்மை ரயில் ஓட்டுவார். கதவுக்கு நேரேயும் பலகை இருப்பதால், அதற்கடியில் தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். ரயிலை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டி அறையின் நடுவில் ஒயரோடு நிற்கும்.

போன வருடம் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். "குனியவோ தவழவோ கூடவே கூடாது. பிளேட் நகர்ந்தா அப்புறம் நடக்கிறதை மறந்துடுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அப்ப ரயிலைப் பிரிச்சிடலாம்" என்றார் இவர். அதன்பிறகு மூன்று நாள் மாடிப் பக்கமே திரும்பவில்லை. ஆண்டவனே, இந்த மனுஷனுக்கு ஒரு வழி காட்டு என்று விடியும்போதெல்லாம் முழங்காலிட்டேன்.

ஒயர் இல்லாமல் அறை வாசலில் நின்றபடியே ஓட்டலாம் என்று பொம்மை ரயில் விற்கும் கடைக்காரர் சொன்னார். பார்த்துவிட்டுத் தரும்படி ஒரு கருவியையும் கொடுத்தார். சோப்புக்கட்டி அளவுதான். ஒரு திருகு, ஒரு சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்தினால் ஓடுவதெல்லாம் அப்படியே நின்றுவிடும். எங்கள் மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை.

"எந்தக் காலத்துல இருக்கீங்க மாமா? ரயில் ஓட்டுற ஆப்பை என் போன்லயே ஏத்திட்டேன். விரலை இழுத்தா ஓடும்."

மாப்பிள்ளை மனம் நோகக்கூடாது என்று இவர் போனையே வாங்கிக்கொண்டார். கருவி என் கைக்கு வந்தது. "பத்திரம், கீழ போட்டுடாதே" என்றார்.

மூவரும் மாடி அறை வாசலில் நின்றோம். மூன்று வருடம் உட்கார்ந்து அவரே செய்த பித்தளை இன்ஜின் பாலத்துக்கு இந்தப் பக்கம். புதிதாக வாங்கிய இன்ஜின் அந்தப் பக்கம், இதைப் பார்த்தபடி. விரலை இழுத்தார். இரண்டுமே கிளம்பின.

"ஐயோ!" என்றார். எந்த எண்ணைத் தட்டுகிறோமோ அந்த எண் உள்ள இன்ஜின்தான் ஓடுமாம்; கடையிலிருந்து வரும் எல்லா இன்ஜினும் மூன்றாம் எண்ணோடுதான் வருமாம். புதியதற்கு எண் மாற்ற மறந்திருக்கிறார். பித்தளைக்கும் எண் மூன்று.

நிறுத்த விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. போன் திரை முழுக்க மாப்பிள்ளையின் மேனேஜர் முகம்.

"கட் பண்ணுங்க மாமா!"

"எங்க இருக்கு? வழுக்குதே!"

பாலத்தில் ஒரே தடம். இரண்டும் ஏறிவிட்டன. இவர் போனைப் பலகையில் போட்டார். ஒரு கையால் விளிம்பைப் பிடித்தார். குனிந்தார். உள்ளே தவழப் போகிறார்.

"என்னங்க, வேண்டாம்!"

என் கண் அவர் இடுப்பைவிட்டு நகரவில்லை. கருவியைப் பார்க்கவும் இல்லை. கட்டைவிரல் தானாகத் தடவி, மேடாக இருந்ததை அழுத்தியது.

சத்தம் அடங்கியது. இரண்டு இன்ஜினும் ஒரு விரல் இடைவெளியில் முகத்துக்கு முகம் நின்றன. போன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "பார்க்காமலேயா அழுத்தினே?"

"உங்களைப் பார்த்துட்டிருந்தேன்."

கருவியை என்னிடமிருந்து வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மாப்ளே, கோச்சுக்காதீங்க. போன்ல நாம பேசிக்குவோம், ரயிலுக்கு இதுவே போதும். முதல்ல உங்க மேனேஜர்கிட்ட பேசுங்க, பாவம்."