ரசியா என்று கூப்பிட்டால்

போன வாரம் வில்னியஸில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். "நாட்டைக் கேட்கவில்லை, பெயரைச் சொல்லுங்கள்" என்றாள் அந்தப் பெண். மறுபடியும் அதையேதான் சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முறை வந்தபோது பெயரை வாயால் சொல்லாமல் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். லிதுவேனியாவில் ஒருத்திக்கு ரஷ்யா என்று பெயர் இருந்தால் இதுதான் நடக்கும்.

அரியலூரில் இது ஒரு விஷயமே இல்லை. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார், தொழிற்சங்கத்தில் இருந்தார். எனக்குச் சங்கக் கூட்ட மேடையில்தான் பெயர் வைத்தார்கள். ஊர் வாயில் அது ரசியா ஆனது. "ரசியா, வூட்ல அம்மா இருக்காளா?" என்று தெருவில் கேட்பார்கள். யாரும் சிரித்ததில்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அந்த நாடு உடைந்தது. பெரம்பலூரிலிருந்து வந்த மாமா, இனி பிள்ளைக்கு வேறு பேர் பாருங்க மச்சான் என்று கிண்டல் செய்திருக்கிறார். "நாடு ஒடைஞ்சா எம்பொண்ணு ஒடைஞ்சிருவாளா?" என்றாராம் அப்பா. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவுக்கு அந்தப் பெயர் வரைபடத்தில் இருக்கிற நாடு இல்லை. எட்டு மணி நேர வேலை, காலுக்கு பூட்ஸ், வெடி வைத்ததில் செத்தவன் பெண்டாட்டிக்கு ஒரு வேலை. அவ்வளவுதான் அவருடைய ரஷ்யா.

நான் இங்கே வந்ததும் பெயரை வெட்டி ரசா என்று ஆக்கிக்கொண்டேன். இவர்கள் மொழியில் ரசா என்றால் பனித்துளி. எவ்வளவு அழகான பெயர் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். பல்லைக் காட்டுகிறேன்.

கீழ்வீட்டு ஓனாவுக்கும் நான் ரசாதான். எழுபதைத் தாண்டிய பாட்டி, தனியாக இருக்கிறார். இந்தக் கட்டடத்தில் என்னோடு நின்று பேசுகிற ஒரே ஆள். பக்கத்து நூலகத்தில் உலகத் தலைவர்களைப் பற்றி ஆவணப்படங்கள் போடுகிறார்கள் என்று போன சனிக்கிழமை மதியம் என்னைக் கூட்டிப்போனார். திரையில் ஒரு கிரேன் ரஷ்யப் புரட்சித் தலைவரின் சிலையைத் தூக்கியது. கால்கள் பீடத்திலேயே நின்றுவிட்டன, மேல்பாதி மட்டும் காற்றில் ஆடியது. எங்கள் வீட்டுச் சுவரில் மே ஒன்றாம் தேதி அப்பா மாலை போடுகிற அதே முகம். அரங்கமே கைதட்டியது. ஓனா அழுதுகொண்டே தட்டினார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது ரஷ்யர்கள் இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள், அவருடைய அப்பாவைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஓனா தட்டலாம். நான் எதற்குத் தட்டினேன்? சும்மா உட்கார்ந்திருந்தால் பார்ப்பார்களே என்றுதான். வேறு ஒரு மண்ணும் இல்லை. அப்பா சங்கத்தில் போராடி வாங்கித் தந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு இன்னும் எத்தனை பேர் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள், அது ஏன் அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை?

படம் முடிந்து ஓனா என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீடியோ காலில் அப்பா வந்தார். "ரசியா, சாப்டியாம்மா?" என்றார். பிறகு, என்னவோ ரொம்ப நாள் நினைத்து வைத்திருந்தவர் போலக் கேட்டார்.

"அந்தப் பக்கத்து ஜனங்க ஒம்பேரக் கேட்டா சந்தோஷப்படுவாங்கல்ல?"

"படுறாங்கப்பா" என்றேன்.

போனை வைத்ததும் ஓனா என்னைப் பார்த்தார். அப்பா ரசியா என்றது அவர் காதில் விழுந்திருந்தது. அவர் சிரித்தார். ரசாவை உங்கள் ஊரில் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களா என்று கேட்டார். தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது. தலையாட்டித் தொலைத்துவிட்டேன். இப்போது சொன்னால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். சொல்லாமல் இருந்தால் தினமும் அவரை ஏமாற்றுகிறேன்.

இன்று காலை உருளைக்கிழங்குப் பையோடு படியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "ரசியா!"

இந்த நாட்டில் என் பெயரை ஆசையாகச் சொல்கிற ஒரே வாய் அது. அவர் கூப்பிட்டது பனித்துளியை. அரியலூர்த் தெருவில் திரும்புவது போலச் சட்டென்று திரும்பினேன். கீழே இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.