நான் கிம்னாசியத்துக்கு அனுப்பிய பிள்ளை

வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாய் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்பதைக் கண்டால், பின்கதவால் ஓடிவிடலாம் போல இருக்கிறது. கொலம்பியாக்காரி. இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. சோளமா ரொட்டி சுட்டு, சூடு ஆறாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் திணிப்பார்.

"உங்களாலதான் என்ர பிள்ளை கிம்னாசியத்தில படிக்குது."

அவருடைய உடைந்த ஜெர்மனில் இந்த வசனம் மட்டும் பிழையில்லாமல் வரும். ரொட்டியை வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் பிரிக்காமலே வைத்துவிடுகிறேன்.

மகள் நாலாம் வகுப்பில் என்னிடம் ஜெர்மன் படித்தவள். என்னை "புரோஃபே" என்பாள். அவர்கள் ஊரில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இங்கே நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். நேரே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் கிம்னாசியத்துக்குச் சிலர், மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு மிச்சப்பேர். அதற்கான ஆசிரியர் கூட்டத்தில், "கெட்டிக்காரிதான், ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லையே" என்று வகுப்பாசிரியை இழுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வசனத்தை என் பத்து வயதில் என் அப்பாவிடமும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த மனுசன், டீச்சர் சொன்னால் சரிதானே என்று தலையாட்டிவிட்டு வந்தார். நான் மற்றப் பள்ளிக்கூடங்களில் படித்து, சுற்றி வளைத்துத்தான் ஆசிரியையானேன். அத்தனை வருடக் கோபத்தையும் அன்று அந்த மேசையில் கொட்டினேன். வென்றேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவள் என்னிடம் வந்து சொன்னாள்: சிநேகிதி போகிற கெசாம்ட்சூலைக்குத்தான் தனக்கும் விருப்பம், அங்கே ஸ்பானிஷ் கதைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று. எல்லா வகைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் அந்தப் பள்ளியிலிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கிம்னாசியம் என்ற சொல் விழுந்தால் எங்கள் ஆட்களின் காதில் வேறொன்றும் ஏறாது. கோயிலில் கண்டால் சுகம் விசாரிக்க முன்னமே, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்றுதான் கேட்போம். இதைச் சொல்லி ஆசிரியர் அறையில் நானே எத்தனை பகிடி விட்டிருப்பேன்! அவளிடம் மட்டும், "போகப் போகச் சரிவரும்" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

போன வாரம் தொங்குரயிலில் அவளைக் கண்டேன். பக்கத்தில் போய் இருந்தேன். "புரோஃபே" என்ற குரல் வரவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன்.

"மார்க்ஸ் எல்லாம் நல்லம்," என்றாள் ஜெர்மனில். "இடைவேளைக்குத்தான் எங்க நிக்கிறதெண்டு தெரியேல்ல."

வெட்கமாக இருந்தது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்ல ஏலாது. அவ சேர்ச்சில எல்லாருக்கும் சொல்லிச் சந்தோஷப்படுறா."

"நான் அம்மாவோட கதைக்கிறன். பள்ளிக்கூடம் மாத்தலாம். நானே போய்..." வாய் அதுபாட்டுக்கு ஓடியது.

"வேண்டாம்," என்றாள். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் கதைக்க வேண்டாம். நான் சொல்லுறன். நீங்கள் பக்கத்தில நிண்டால் போதும்."

நாளை வெள்ளிக்கிழமை. தாயோடு அவளும் வருகிறாள்.