நீலப் பொறி

அண்ணனின் பழைய கார் விட்டுவிட்டு இருமியது. பட்டறை வைத்திருக்கும் தங்கை பிளக்குகளை மாற்றினாள், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினாள். எதற்கும் மசியவில்லை.

“இந்தக் கிழட்டு வண்டியக் காயலான் கடையில போடு” என்று எரிந்து விழுந்தாள்.

சட்டென்று ஒரு யோசனை. புகை உள்ளே சேராதபடி காரின் வால் வெளியே இருக்க, பட்டறை ஷட்டரை அதன்மேல் தாழ இறக்கி விளக்கை அணைத்தாள். ஓடும் எஞ்சின்மேல் துணி தேய்க்கும்போது நீர் தெளிக்கும் பாட்டிலால் தண்ணீர் தெளித்தாள். ஒரு பிளக் ஒயரில் மின்சாரம் கசிந்து நீலப் பொறி துள்ளியது.

“அண்ணா, ஓடி வா. மாட்டிக்கிச்சு திருடன்” என்று குதித்தாள்.

அண்ணன் குனிந்து பார்த்தான்.

“போன வாரம் நீ போட்ட புது ஒயர்தானே இது?”

வாயெல்லாம் பல்லாக நின்றவள், பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

“உன்னையா திட்டினேன்? காலை வாரினது புதுசுடா, கண்ணு.”