பட்டணத்து மழைக்கு வந்த கடிதங்கள்

அண்ணன் வாரப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். வாசகர் கடிதங்கள் அங்கேதான் இருக்கும். கதைகளை அவர் தொடமாட்டார், கவிதை என்றால் பக்கத்தையே புரட்டிவிடுவார். ஆனால் யாரோ ஒருவர் இன்னொருவரைத் திட்டி எழுதிய கடிதம் என்றால் கொள்ளைப் பிரியம். சனிக்கிழமை மதராஸிலிருந்து திரும்பும்போது திருவள்ளூர் ஸ்டேஷன் கடையில் பத்திரிகை வாங்குவார். மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து எங்களுக்குக் கேட்கும்படி படிப்பார். அண்ணி அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். நான் என் மாணவிகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படித்த கடிதம் இது: “‘பட்டணத்து மழை’ என்ற கவிதையைப் பார்த்தேன். மனைவியை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிற கணவன் எந்த ஊரில் இருக்கிறான்? கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா?” அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “கரெக்டா கேட்டுக்கிறான் பாரு” என்றார். கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றுபோனது. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தக் கவிதையை எழுதியவள் அண்ணி. தபாலில் சேர்த்தவள் நான். பூட்டிக்கொண்டு போனவர் அவர்.

கல்யாணமான புதிதில் அண்ணனுக்குப் பெரம்பூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் டைம்கீப்பர் வேலை. நடந்துபோகிற தூரத்தில், பல குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டின் வாசல்புற அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். தெருவைவிட ஒரு படி தாழ்ந்த தரை. தெருப்பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். பின்னால் உயரமான சுவர் எழுப்பிய கையகல முற்றம். அண்ணி கடம்பத்தூர்க்காரி, என்னைவிட ஒரு வயது சின்னவள். ஏரியில் நீந்தி, கரையில் ஓடி வளர்ந்தவளுக்கு அந்த அறைதான் முதல் பட்டணம். அண்ணனோ தெருவில் போகிற வருகிற எல்லோரையும் கண்டு பயந்தார். காலையில் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை வேட்டியில் முடிந்துகொண்டு போவார். மாலையில் வந்து திறப்பார். அதில் கொடுமை எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. பெண்டாட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நம்பினார். அவர் கெட்டவர் இல்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இதை எழுதினால் அண்ணியே என்னை மன்னிக்கமாட்டாள்.

ஒரு ஐப்பசி மாதம் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தது; மூன்றாம் நாள் காலையிலும் அவர் பூட்டிக்கொண்டுதான் போனார். பகல் பன்னிரண்டு மணிக்கு வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. சாக்கடையும் மழையும் சேர்ந்த கறுப்புத் தண்ணீர். அண்ணி அரிசிப் பானையைக் கட்டில் மேல் தூக்கி வைத்தாள், பிறகு அடுப்பை, பிறகு படுக்கையை, கடைசியில் அவளும் ஏறி நின்றாள். மூன்று மணிக்குத் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இதை அவள் எனக்குச் சொன்னது ஒரு வருஷம் கழித்து, திருவள்ளூரில், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது. “எனக்கு நீஞ்சத் தெரியும். ஏரியில அக்கரைக்குப் போய்ட்டு வருவேன். ஒரு ரூமுக்குள்ள எங்கடி நீஞ்சறது?” என்றாள். சொல்லிவிட்டு அலசிய துணியையே மறுபடி அலசினாள்.

பக்கத்து அறையில் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். கருவாட்டு வியாபாரி. எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள். அவர் மனைவிதான் ஜன்னலில் தெரிந்த கையைப் பார்த்திருக்கிறார். பாய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு தொடையளவுத் தண்ணீரில் வந்து, “தங்கச்சி, கதவாண்ட நிக்காத, ஒத்திப் போம்மா” என்று சொல்லிப் பூட்டில் நாலு போடு போட்டார். அன்று அண்ணி அவர்களோடு மாடிக்குப் போய், அந்தம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, அவர் கொடுத்த கஞ்சியைக் குடித்தாள்.

ஆலையில் மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் இடுப்பளவுத் தண்ணீர், ஒரு இடத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்திருந்தது. அதற்குள் அறையில் தண்ணீர் வடிந்து சேறுதான் மிச்சம். திறந்து கிடந்த கதவையும் தொங்கிய பூட்டையும் பார்த்தார். மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்த அண்ணியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: “பூட்ட யாரு ஒடச்சது?”

அந்த மாதமே அறையைக் காலிசெய்துவிட்டு திருவள்ளூருக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் தினமும் ரயிலில் போய்வர ஆரம்பித்தார். இங்கே யாரும் கதவைப் பூட்டவில்லை. ஆனால் மாலையில் செருப்பைக் கழற்றும்போதே “எங்கனா போனியா?” என்று கேட்பார். “எங்கயும் போகல” என்பாள் அண்ணி. நாலு வருஷம் அதே கேள்வி, அதே பதில். கொஞ்ச நாளில் அவளுக்கு வெளியே போகிற ஆசையே விட்டுப்போனது. கடைத்தெருவுக்கு வா என்று நான் கூப்பிட்டால்கூட, திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டுமே என்று மறுத்துவிடுவாள்.

அவள் எட்டாவது வரை படித்தவள். என் மாணவிகள் போட்டுவிட்டுப் போன நோட்டுகளின் வெற்றுப் பக்கங்களில் பென்சிலால் எதையாவது எழுதுவாள். ஒருநாள் அதில் பட்டணத்து மழை இருந்தது.

‘பட்டணத்து மழைக்கு வாசல் கிடையாது,
அழைக்காத விருந்தாளி, நேரே அடுப்படிக்கு வரும்’

என்று தொடங்கும். நடுவே கட்டில், ஜன்னல், கறுப்புத் தண்ணீர். கடைசி இரண்டு வரி இப்படி:

‘மறுநாள் வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:
பூட்டை உடைத்தது யார்?’

நான் அதை நல்ல தாளில் பிரதியெடுத்து, பெயர் போடாமல் ‘ஒரு வாசகி’ என்று மட்டும் எழுதி, என் பள்ளிக்கூட விலாசம் கொடுத்து அனுப்பினேன். போட்டுவிட்டார்கள்.

கடிதங்கள் வரத் தொடங்கின. சில பத்திரிகையில் அச்சாயின, சிலவற்றைப் பத்திரிகை ஆசிரியர் என் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவைத்தார். நான் அவற்றை மதிய உணவுப் பாத்திரத்துக்கு அடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். யாப்பு இல்லை, சீர் இல்லை, உரைநடையை ஒடித்துப் போட்டால் கவிதையாகுமா என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் கேட்டிருந்தார். “சரியாத்தான் சொல்றாரு, எனக்கு யாப்பு எங்க தெரியும்?” என்றாள் அண்ணி. மழை தெய்வம், அதைப் பழிக்கலாமா என்று ஒருவர். மழையை விருந்தாளி என்றது எத்தனை அழகு என்று மயிலாப்பூரிலிருந்து ஒருவர். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. “அழகா? அவரு ஊட்டுல போய் குந்தட்டும் அந்த விருந்தாளி!” பெயரில்லாமல் ஒரு தபால் அட்டையும் வந்தது. ‘எங்கள் வீட்டிலும் இப்படித்தான். இன்னும் யாரும் உடைக்கவில்லை’ என்று அதில் இரண்டே வாக்கியம். அண்ணி அதை நாலைந்து தடவை படித்தாள். எந்த ஊர் முத்திரை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மழையில் நனைந்து மை பரவிவிட்டிருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்த ஞாயிற்றுக்குப் பிறகும் அந்தச் சண்டை பத்திரிகையில் ஓயவில்லை. அடுத்த வாரமும் இரண்டு கடிதம். “அப்படி இன்னாதான் எழுதிக்கிறான்?” என்று அண்ணன் பழைய இதழ்களைக் கிளறி எடுத்தார். நான் தடுக்க எழுந்தேன். அதற்குள் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் சத்தமாகவே படித்தார். கட்டில் வந்த இடத்தில் குரல் இறங்கியது. கடைசி வரியை அவர் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“இத யாரு எழுதனது?”

“நான்தான்” என்றாள் அண்ணி.

அவர் இதழை மூடி வைத்தார். பிறகு, “ஊரே படிச்சிட்டானுங்களா?” என்றார்.

“பேரு போடலியே. நீங்களா சொன்னாத்தான் தெரியும்.”

“நான்தான் என் ஸ்கூல் விலாசம் போட்டு அனுப்பினேன்” என்றேன். கோபம் என் மேல் திரும்பியது. “உன் ஸ்கூலு விலாசத்துலதான் இந்த லெட்டருங்கல்லாம் வருதா? வேலய உட்டுட்டு ஊட்டுல குந்து” என்றார். அதை அவர் நிறைவேற்றவில்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, போகலாமா என்று அவரைக் கேட்க வேண்டுமோ என்று வாசலிலேயே நின்றேன். அந்த ஒரு காலையில் அண்ணியின் நாலு வருஷம் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு அண்ணன் பத்திரிகை வாங்குவதை நிறுத்தினார். “எங்கனா போனியா?” என்று கேட்பதும் நின்றது. எதையுமே கேட்கவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், ரயிலுக்குப் போனார், வந்தார். அவர் கேட்காமலிருந்தது அந்தக் கேள்வியைவிடக் கனமாக இருந்தது. அண்ணி எழுதுவதை விட்டுவிட்டாள். நான் புது நோட்டு கொடுத்தபோது, “வேணாம், மறுபடி அடைச்சிப் போட்ட மாதிரி இருக்குது” என்றாள்.

பத்திரிகையை நான் பள்ளிக்கூடத்தில் ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு வாரம் கழித்து, ஒரு மூலையில் சின்னதாக ஒரு கடிதம்: ‘பட்டணத்து மழை கவிதையில் ஒரு பிழை. தண்ணீர் கட்டில் வரை வந்ததாக எழுதியிருப்பது மிகை. கணுக்கால் அளவே. மற்றபடி பூட்டு விஷயம் உண்மை. கேட்டதும் உண்மை. கேட்டிருக்கக் கூடாது. ஒரு வாசகன், திருவள்ளூர்.’

அந்த இதழைக் கேட்டு வாங்கி வந்து அண்ணியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “அவரு வந்தப்ப தண்ணி வடிஞ்சிபோச்சி. கட்டிலத் தொட்டது அவருக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே சொன்னாள்: “எங்கிட்ட சொல்றத்துக்கு இன்னா? நான் இங்கதானே இருக்கேன்.”

அவளிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்கள், ஒரு குறையும் இல்லாத குடும்பம் என்று தெருவே சொன்னது. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷங்களாகின்றன. அண்ணி இப்போது மகனோடு சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். முழங்கால் வலியால் கீழே இறங்குவதில்லை. இதை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருப்பது அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது.

“எழுது. அவரு பேரப் போடாத” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “தண்ணி கட்டிலத் தொட்டத மட்டும் மாத்திடாத” என்றாள்.