இடப்பக்கத்துத் தோணி

நோணாங்குப்பத்தில் சொந்தப் போட் ஓட்டுகிற ஆதிமூலத்துக்குப் பேய் பிசாசு என்றாலே சிரிப்பு. அந்த மனுஷனே போட் முனையில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

நல்ல பகல் வேளை. பீச்சுக்குப் போகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் போகிறார். இடப்பக்கம் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரிலிருந்து "யோவ், யோவ்!" என்று ஒரு குரல். திரும்புவதற்குள் ஒரு மீன்பிடித் தோணி டமாரென்று வந்து இடித்தது. தோணிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான். சத்தியமாக அங்கே எதுவுமே இல்லையே! மறுவாரமும் அதே கூத்து. அன்றைக்கு ஒரு குழந்தை தண்ணீரில் விழப் பார்த்தது.

"அங்க முழுகிச் செத்த வெற்றிவேலு உன் கண்ணக் கட்டுறான்யா" என்றார்கள் துறையில். ஆதிமூலத்துக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. ஆனால் மீசை முளைத்த நாளிலிருந்து போட்டைத் தவிர வேறென்ன தெரியும் அவருக்கு? பழத்தைக் கட்டினார், ஓட்டினார்.

போட் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனை வந்தது. "கண்ணாடி தேவைப்படுமான்னு வீட்டுலயே பாத்துடலாம்ப்பா" என்றாள் மகள் கலைமகள். உப்பளம் பகுதியில் இருக்கும் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் 'E' எழுத்துகளை வரவழைத்தாள். அது கேட்டபடி ஏடிஎம் கார்டைத் திரையில் வைத்து எழுத்தின் அளவைச் சரிபார்த்தாள். அப்பாவை எதிர்ச்சுவரோரம் உட்காரவைத்துவிட்டுத் திரைக்கு இடப்பக்கம் போய் நின்றாள்.

"மூணு கால் எந்தப் பக்கம் நீட்டிட்டிருக்குன்னு கையக் காட்டு."

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் காட்டினார். "பாத்தியா, கழுகுக் கண்ணு!"

"சரி சரி, அடுத்த கண்ணு."

வலது கண்ணைப் பொத்தினார்.

"கலை, கம்ப்யூட்டர் அணைஞ்சுபோச்சு."

"இல்லப்பா, எரியுதே."

எதிரே வெறும் சுவர். திரையும் இல்லை, மகளும் இல்லை.

"எங்கடி போயிட்ட?"

"இங்கதாம்ப்பா நிக்கிறேன். வெளயாடாத."

குரல் வருகிறது, ஆள் இல்லை. ஆற்றில் கேட்ட அதே மாதிரி. சட்டென்று இடக் கன்னத்தில் சில்லென்று விரல்கள் பட்டன. "ஐயோ!" என்று அலறிக் கையை எடுத்தார்.

கலைமகள்தான். கன்னத்தைத் தொட்டபடி பக்கத்திலேயே நின்றிருந்தாள், முகம் வெளுத்துப்போய்.

அப்புறம் கூட்டாளி அன்பழகனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு யாரையும் ஏத்தாத. பழத்தையும் அவுத்துடு."

"ஏண்ணே, வெற்றிவேலு போயிட்டானா?"

"அவன் வரவே இல்லடா. என் இடது கண்ணுதான் ஆளையே முழுங்குது."

போனை வைத்தார். பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருவேளை சரியாகியிருக்குமோ என்று வலது கண்ணை மறுபடி பொத்திப் பார்த்தார். வெறும் சுவர்தான். அதிலிருந்து மகள் அழுகிற சத்தம் வந்தது.